பெண்ணுறைக்கு மாற்றாக அகவுறை?

> 'பெண்ணுறை' வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஆணுறைக்கு இணையாக அழகாகத்தானே இருக்கிறது?

ஐயா, வணக்கம்.

அழகாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. கையில் மாட்டினால் கையுறை, காலில் மாட்டினால் காலுறை. அந்தக் கணக்கில் பெண்ணுறை என்றால் பெண்ணையே மூடுவது என்றாகிறது. நான் மொழிபெயர்த்த சுகாதாரக் கையேட்டின் மெய்ப்பைப் படித்த பக்கத்து வீட்டு அக்கா, "மழைக்கோட்டு மாதிரி ஏதாவதா?" என்று கேட்டார்.

உடலுறவின்போது பெண்ணுறுப்புக்குள் வைக்கும் அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் தானாக வரும். மெல்லிய பை, இரு முனையிலும் வளையம். மூடிய முனைக்குள் கிடக்கும் வளையத்தை விரலால் நசுக்கி, எட்டுப் போல ஆக்கி உள்ளே செலுத்த வேண்டும். திறந்த முனையின் வளையம் வெளியிலேயே நிற்கும். ஆக, யாருக்கு என்பதைவிட எங்கே என்பதுதான் வேறுபாடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2018இல் இந்த வகையின் பெயரிலிருந்து 'பெண்' என்பதை எடுத்துவிட்டு 'உள்' என்று மாற்றியது. நம்மிடம் அகம், புறம் கைவசம் இருக்கின்றன. அதனால் 'அகவுறை' என்பேன். 'உள்ளுறை' வேண்டாம், புலவர்கள் சங்கப் பாடலின் உள்ளுறை உவமம் தேடப் போய்விடுவார்கள்.

'ஆணுறை'யில் கைவைக்க வேண்டாம். ஒரு தலைமுறைக்கு 'நிரோத்' என்ற வணிகப் பெயரே பொதுப்பெயராக இருந்தது. அதைத் தாண்டி வேரூன்றிய சொல் இது.

இரண்டுக்கும் பொதுவாக ஒருவர் 'மறியுறை' என்றார். வழிமறி, சாலை மறியல் எல்லாம் சரி. ஆனால் மறி என்றால் ஆட்டுக்குட்டியும்தான்! சும்மா வம்புக்குச் சொல்லவில்லை. ஆட்டுக்குடல் சவ்வில் செய்த ஆணுறை உண்மையிலேயே விற்கிறது. விந்தணுவை நிறுத்திவிடும், அதன் நுண்துளை வழியே எச்ஐவி, ஹெபடைடிஸ் பி வைரஸ்கள் புகுந்துவிடும். பால்வினைத் தொற்றைத் தடுக்கும் உறைக்கு, தடுக்காத உறையை நினைவூட்டும் பெயரா? 'தடுப்புறை' போதும்.

---

தம்பிக்கு,

அகவுறை எனக்குச் சம்மதம். தடுப்புறை என்ற தலைப்பின் கீழ் கருப்பைவாய் மூடியைக் கொண்டுவந்து சேர்த்துவிடாதீர்கள். அது கருத்தடைக்குத்தான், எச்ஐவிக்கு அதை நம்ப முடியாது. செவிலியர் பயிற்சியில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம், கையேட்டில் ஆணுறை பற்றிய பக்கத்தில் 'எண்ணெய்ப் பசை' கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்குப் புரியும்? தேங்காய் எண்ணெய், வாசலின் கூடாது என்றே எழுதுங்கள். லேட்டக்ஸ் ரப்பர் ஆணுறையில் பட்டால் அது வலுவிழந்து கிழியும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த அகவுறைக்கு அந்தப் பயமில்லை. அதற்காக ஆணுறை, அகவுறை இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடப் போகிறார்கள். உரசிக் கிழியும், அதையும் சேருங்கள்.

படத்துக்குக் கீழே 'அகவுறை (உள்ளே வைக்கும் உறை)' என்று முதல் பதிப்பிலாவது இருக்கட்டும்.