வகுப்பில் வாயே திறக்க முடியவில்லை, ஒரு பாடத்தை விட்டுவிடலாமா?

பொருநைக்கரை (செவ்வாய், இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து ஒன்பது வாரம் ஆகிறது. ஒரு பாடத்தில் 100-க்கு 20 மதிப்பெண் வகுப்பில் பேசுவதற்கே. நான் ஒரு நாள்கூடப் பேசவில்லை. நேற்று இடைப்பருவ மதிப்பெண் வந்தது. எழுத்துத் தேர்வில் 88, பேச்சுக்கு 20-க்கு 3. "உங்கள் விடைத்தாள் நன்றாக இருக்கிறது. உங்கள் குரலைத்தான் இன்னும் கேட்கவில்லை" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

பதில் தெரியாமல் இல்லை. வாக்கியத்தை மனதுக்குள் சரிபண்ணி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க நான் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள்தான். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வங்கிக் கடன் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பாடத்தை விட்டுவிடலாம் என்கிறார்கள். விட்டுவிடலாமா? யாராவது சொல்லுங்கள்.

மியூனிக்வாசி

தம்பி, எந்த நாடு என்றே சொல்லவில்லையே. ஜெர்மனி என்றால் கவலைப்படாதே. நான் படித்த பெரும்பாலான பாடங்களில் கடைசித் தேர்வு ஒன்றுதான், வகுப்பில் யார் பேசினார்கள் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. ஆனால் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். கடைசி முயற்சியிலும் விழுந்தால் அந்தப் படிப்பே போய்விடும்.

வகுப்பைவிட எனக்குப் பெரிய பாடாக இருந்தது வீடு. வாடகை வீடு இருந்தால்தான் முகவரியைப் பதிவு செய்ய முடியும். அந்தப் பதிவு இல்லாமல் மற்ற வேலைகள் ஒவ்வொன்றும் நின்றுகொண்டே இருந்தன. மாணவர் விடுதிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று மாதம் ஒரு நண்பன் அறையில் தரையில் படுத்தேன். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

லெஸ்டர் முருகேசன்

இதற்குப் போய்ப் பாடத்தை விடுவதா? பேசிப் பழக வேண்டும், அவ்வளவுதான். நான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அரை மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன். ஆறு மாதத்தில் சரியானது. இங்கே இங்கிலாந்தில் வருகைப் பதிவில் கறாராக இருப்பார்கள், அதை மட்டும் விட்டுவிடாதே. தைரியமாக இரு தம்பி.

ஸ்கார்பரோ மாமி

ஆறு மாதம் கழித்துச் சரிவரும் என்று சொன்னால் வெள்ளிக்கிழமைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? எங்கட ஊரில் வாத்தியார் கதைக்கிற நேரம் பிள்ளை வாய் திறந்தால் அது மரியாதைக்குறைவு. பன்னிரண்டு வருசம் அப்படி வளர்த்துப்போட்டு, விமானம் ஏறி இறங்கினவுடனே கதை என்றால் எப்படி வரும்? இங்கே வந்த புதிதில் நானும் இரவுப் பள்ளியில் பின் வாங்கில்தான் இருந்தேன். ஒரு வருசம் முழுக்க டீச்சருக்கு என்ர பெயர் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். மற்றப் பிள்ளைகளோடு இருந்தால் கதை தானாக வரும்.

டாலஸ் குமரன்

மாமி மன்னிக்கணும், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலு தமிழ்ப் பையன்கள் இருந்த வீடுதான் என்னைக் காப்பாற்றியது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்கள்தான்.

எனக்கு வேறொரு ஆதங்கம். ஊரில் ஏஜென்ட் ஒருவரிடம் பணம் கட்டினோம். விசா நேர்காணலுக்கு என்ன சட்டை போட வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பு எப்படி நடக்கும், பேசுவதற்கு மதிப்பெண் உண்டு, பேராசிரியரைத் தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்பதையெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை. இங்கே பள்ளியிலேயே கைதூக்கிப் பழகிய பிள்ளைகளோடு நம்மை ஒரே தராசில் நிறுத்துகிறார்கள்.

மியூனிக்வாசி

ஏஜென்ட் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். எனக்கு அனுப்பிய விடுதிப் படம் வேறு ஊரின் விடுதி.

லெஸ்டர் முருகேசன்

வாடகையைச் சொல்லுங்கள். ஒரு சின்ன அறைக்கு ஊரில் ஒரு வீடே எடுக்கலாம். பகுதிநேர வேலை முடித்து இரவு பதினோரு மணிக்கு வந்தால் எங்கே படிக்கிறது, எங்கே பேசுகிறது?

பொருநைக்கரை (புதன், காலை)

மன்னிக்கவும், பதற்றத்தில் எதையுமே சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் தம்பி இல்லை, தங்கை. அமெரிக்கா. எஃப்-1 மாணவர் விசா. ஊரில் பல் மருத்துவம் முடித்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மூன்று பாடம், மொத்தம் 9 கிரெடிட். விட நினைப்பது அதில் ஒன்று. பல்கலைக்கழகத்தில் இன்னும் யாரிடமும் பேசவில்லை.

கரிசல் அக்கா

தங்கச்சி, இப்போதுதான் பார்த்தேன். நான் இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதலில் ஒன்று: இணையத்தில் அந்தப் 'பாடத்தை விடு' பொத்தானைத் தொடாதே.

முதுகலைக்குப் பெரும்பாலான இடங்களில் 9 கிரெடிட்தான் முழுநேரம். ஒன்றை விட்டால் 6 ஆகிவிடும். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் டிஎஸ்ஓ (எஃப்-1 மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அதிகாரி) முன்கூட்டியே அனுமதி கொடுக்காமல் அப்படிக் குறைத்தால் உன் எஃப்-1 நிலையே போய்விடும். மதிப்பெண்ணைவிட அதுதான் பெரிய ஆபத்து. இத்தனை பேர் எழுதியும் அதை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம்.

வழி இல்லாமல் இல்லை. ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ தொடக்கத்தில் வரும் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாதது, தகுதிக்குப் பொருந்தாத நிலையில் பாடம் கொடுத்தது ஆகிய காரணங்களுக்காக டிஎஸ்ஓ பாடச் சுமையைக் குறைக்க அனுமதிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அப்போதும் முழுச் சுமையில் பாதியாவது படிக்க வேண்டும், அடுத்த பருவம் மறுபடி முழுநேரம். ஒரு படிப்பு நிலைக்கு ஒரு தடவைதான். இந்தச் சீட்டை இப்போதே கிழிக்க வேண்டுமா என்று யோசி. எதுவானாலும் இன்றைக்கே நேரில் போய்க் கேள்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மீதி 80-க்கு இதே 88 சதவீதம் வந்தால் 70 சொச்சம். பேச்சு 3-லேயே நின்றால் மொத்தம் 73, அது சி கிரேடு. வரும் வாரங்களில் பேச்சுக்கு 16 எடுத்தால், இரண்டு பாதிக்கும் சராசரி 9 அல்லது 10, மொத்தம் 80. பல இடங்களில் அது பி மைனஸ். முதுகலையில் எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரி 4-க்கு 3.0-க்குக் கீழே போகக் கூடாது என்பார்கள், அதை மற்ற இரண்டு பாடங்கள் தூக்கிவிடும். பின்பாதியில் காட்டும் முன்னேற்றத்துக்குக் கூடுதல் எடை தருவாரா என்று பேராசிரியரிடமே கேள். இது கேட்கக்கூடிய கேள்விதான்.

இனி, நீ சொன்ன பின்னணி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் அப்பாவோடு காத்திருந்திருப்பாய். இங்கேயும் 'முதல் தலைமுறை மாணவர்' என்று தனியாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்கான டிரையோ என்ற அரசுத் திட்டம் 1960-களிலிருந்து நடக்கிறது. எஃப்-1-ல் வந்தவர்களுக்கு அது கிடையாது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் முதல் தலைமுறை மையங்கள் பல இடங்களில் உண்டு, கதவைத் தட்டிப் பார்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸ் என்ற நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று தேடினார். ஆர்வம் இல்லை, அடிப்படை போதாது, குடும்பம் சரியில்லை, பணம் இல்லை என்று சுற்றியிருந்தவர்கள் காரணம் சொன்னார்கள். ஒன்றும் நிற்கவில்லை. இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனியாக. மற்றவர்கள் தனியாகப் படித்த பிறகு மாலையில் கூடி, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்த பிறகு அந்தத் தோல்வி வெகுவாகக் குறைந்தது.

அதனால் மாமி சொன்னதும் குமரன் சொன்னதும் எனக்குப் பெரிய சண்டையாகத் தெரியவில்லை. வீட்டில் யாரோடு வேண்டுமானாலும் இரு. உன் வகுப்பில் இருக்கும் இரண்டு பேரோடு வாரம் ஒரு முறை பாடத்தைப் பேசு. அங்கே ஒரு முறை சொன்ன வாக்கியம் வகுப்பில் இரண்டாவது முறையாக வரும். அப்போது தொண்டையில் நிற்காது.

நான் முதல் பருவத்தில் பேராசிரியர் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். கையில் நாலாக மடித்த காகிதம், அதில் ஒரே கேள்வி. வியர்வையில் மை கலங்கிவிட்டது. உள்ளே போனதும் அவர் முதலில் கேட்டது என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று. நீயும் போ. "யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், அடுத்த வகுப்பில் எந்தக் கேள்வியை என்னிடம் கேட்பீர்கள் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா?" என்று கேள். நான் அப்படிக் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடு, போகப்போகப் பயம் கூடும்.

ஸ்கார்பரோ மாமி

நல்லாச் சொன்னீங்கள். பிள்ளை, முதலில் ஏதாவது சாப்பிடு.

பொருநைக்கரை (வெள்ளி, இரவு)

அக்கா, புதன்கிழமையே டிஎஸ்ஓவைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், பாடத்தை விடுவதற்கு முன்னால் தன்னிடம் வந்து கேட்டது நல்லது என்றார். நேற்றுப் பேராசிரியரைப் பார்த்தேன். கேள்வியை முந்தின நாளே அனுப்பச் சம்மதித்து, நேற்று மாலையே முதல் கேள்வியை அனுப்பிவிட்டார். கூடுதல் எடையைப் பற்றி இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார்.

இன்று காலை வகுப்பில் பேசினேன். இரத்த அழுத்த மாத்திரையை மக்கள் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் மாநிலத்தில் 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், எங்கள் தெருவில் ஆச்சி ஒருவர் அதனால்தான் விடாமல் சாப்பிடுகிறார் என்றேன். குரல் நடுங்கியது. பேராசிரியர் மேலும் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டாவது புரியவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். திருப்பிச் சொன்னார்.

பாடத்தை விடவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு நூலகத்தில் மூன்று பேர் உட்காருகிறோம். ஒருத்தி கென்யாவிலிருந்து வந்தவள். அவளும் இதுவரை வகுப்பில் பேசியதில்லையாம்.