பழைய நகர நடுவில் தங்கியவர்கள்: போலந்தின் கிராகோவ், வார்சாவில் உங்களை விட்டுப் போகாத ஒரு நேரம் எது?

தூங்காநகரான்:

ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கிராகோவில் ரினெக் சதுக்கத்திலிருந்து இரண்டு நிமிட நடை. மூன்றாவது மாடி. காமியெனிட்சா எனும் பழைய அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உயரமான கூரை, இரட்டை அடுக்கு ஜன்னல், கால் வைத்தால் முனகும் மரத்தரை. கட்டிலும் சமையலறையும் அவ்வளவு வசதி. வீட்டைப் பற்றி ஒரு குறையும் கிடையாது.

முதல் நாள் களைப்பில் எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தபோது கோபுரத்தில் டிரம்பெட் ஆரம்பித்தது. ஹெய்னாவ் என்னும் அந்த டிரம்பெட் இசை பற்றி முன்பே தெரியும். மரியாள் ஆலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து தீயணைப்பு வீரர்கள் மணிக்கொரு முறை, இரவு பகல் பாராமல், நான்கு திசைக்கும் ஊதுவார்கள். அன்று மதியம்கூட கூட்டத்தோடு நின்று கேட்டு, மேலே பார்த்துக் கை அசைத்திருந்தேன். பகலில் அது ஒரு திருவிழா மாதிரிதான் இருந்தது.

ராத்திரி அப்படி இல்லை. அந்த இசை பாதியில் அறுந்து நிற்கும் அல்லவா, பகலில் அந்த இடத்தைக் கூட்டத்தின் சத்தம் மூடிவிடுகிறது. மூன்று மணிக்கு மூட எதுவும் இல்லை. மேலே ஏறிய ஸ்வரம் சட்டென்று நின்றது. அடுத்த ஸ்வரத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வரவில்லை. வீரர் அடுத்த ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டும், கொஞ்சம் மங்கலாக மறுபடி கேட்டது, மறுபடி அதே இடத்தில் நின்றது. நான்கு முறை. 1241-இல் தாத்தார் (மங்கோலிய) படை வந்தபோது ஊரை எழுப்ப ஊதிய காவலனின் தொண்டையில் அம்பு தைத்த இடம் அது என்பார்கள். இருட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டவனுக்கு அது கதையாகத் தோன்றவில்லை. மீதி நாலு ராத்திரியும் மூன்று மணிக்குத் தானாகவே எழுந்துவிட்டேன்.

பழைய_பேனா:

நீங்கள் உணர்ந்ததை மறுக்கவில்லை நண்பரே. ஆனால் அந்த அம்புக் கதையை வரலாறு மாதிரி எழுதாதீர்கள். கோபுரத்துக் காவலர்கள் பற்றிய குறிப்பு 14-ஆம் நூற்றாண்டின் நகரக் கணக்குகளில் வருகிறது. அம்புக்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. உலகம் முழுக்க அதைப் பரப்பியது 1928-இல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் நாவல். சதுக்கமே இன்றைய வடிவில் 1257-இல்தான் திட்டமிடப்பட்டது. தாத்தார்கள் ஊரை எரித்துவிட்டுப் போன பிறகு.

என் அனுபவம் சின்னது. நான் பிளான்ட்டி பூங்கா பக்கம் தங்கினேன். பழைய மதில் இருந்த இடத்தில் ஊரைச் சுற்றி ஓடும் பூங்கா அது. காலை ஆறு மணிக்கு ஓர் அம்மா ஒப்வஜானெக் என்னும் வளைய ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, எள் தூவியது, கசகசா தூவியது, உப்புத் தூவியது என்று வளையங்களைத் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. இன்றும் எள் வாசனை வந்தால் அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வருகிறது.

அகல்விளக்கு:

வார்சா, பழைய நகரம். சதுக்கத்தைப் பார்த்த ஒரு சின்ன அபார்ட்மென்ட். வீடு அருமை. நான் சொல்ல வந்தது படிக்கட்டில் பார்த்த பாட்டியைப் பற்றி.

இரண்டாவது மாடியில் குடியிருந்தவர். பால் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார், வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் போலிஷில், "எவ்வளவு பழைய, அழகான வீடு" என்றேன். அவர் நின்று, கைப்பிடியைத் தட்டி, "இந்த வீட்டைவிட எனக்கு வயது அதிகம், அம்மா" என்றார். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்றே சந்தேகம். அவர் விரலால் கணக்கு எழுதுவது மாதிரி சுவரில் எழுதிக் காட்டினார்: 1938, 1953. முதலாவது அவர் பிறந்தது. இரண்டாவது, சதுக்கத்தைத் திரும்பக் கட்டி முடித்த வருடம்.

படித்துத் தெரிந்ததுதான் எல்லாம். இரண்டாம் உலகப் போரில், தங்களை எதிர்த்து வார்சா மக்கள் நடத்திய 1944 எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியர் திட்டமிட்டு இடித்தார்கள், பெல்லோட்டோ என்ற ஓவியரின் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்திருந்த அளவு வரைபடங்களையும் வைத்து மறுபடி எழுப்பினார்கள். ஆனால் அந்த விரல் சுவரில் நகர்ந்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

நெடுவழி:

அப்படியானால் அது பழைய நகரமே இல்லையே? எழுபது வருடக் கட்டடத்தை எப்படிச் சரித்திரம் என்பது? நிஜமாகவே பழையது வேண்டுமென்றால் கிராகோவ் அல்லது தோருன் போக வேண்டும்.

அகல்விளக்கு:

யுனெஸ்கோ 1980-இல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே அந்த மறுகட்டுமானத்துக்காகத்தான். இடிபாட்டில் கிடைத்த செதுக்கல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துச் சுவரிலேயே திரும்பப் பதித்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களில் அந்தப் பாட்டியின் அப்பாவும் ஒருவர். அவரிடம் போய் இது பழையது இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கொங்குமகன்:

நான் கிராகோவில் வேலை பார்த்தபோது முதல் ஒரு மாதம் பழைய நகரத்தில் அபார்ட்மென்டில் இருந்தேன். நள்ளிரவில் பெட்டியை உருளைக்கல் தெருவில் இழுத்துக்கொண்டு போன சத்தத்துக்கு ஒரு ஜன்னல் திறந்தது, ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றார். இன்றும் கூச்சமாக இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு பிடிக்கும்போது ஜன்னல் தெருப் பக்கமா முற்றத்துப் பக்கமா என்று முதலில் கேளுங்கள். முற்றத்துப் பக்கம் என்றால் வெளிச்சம் குறைவு, ஆனால் தூக்கம் வரும். கிராகோவில் 2023 ஜூலையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கடைகளில் மது விற்கக் கூடாது, ஆனால் பார்களுக்கு அந்தத் தடை இல்லை. சதுக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வெள்ளி, சனி சத்தம் இருக்கத்தான் செய்யும். நீங்களும் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அமைதி காக்க வேண்டும், அதைக் குடியிருப்பவர்கள் உண்மையாகவே எதிர்பார்க்கிறார்கள்.

லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. கூரை உயரம் என்பதால் மூன்று மாடி ஏறினால் நம் கணக்கில் ஐந்து மாடி. பெரியவர்களைக் கூட்டிப் போனால் முதல் மாடிக்கு மேல் எடுக்காதீர்கள். சதுக்கத்தைச் சுற்றி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, டாக்ஸி வாசல் வரை வராமல் போகலாம். வாசல் கதவுக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு சாவி என்று இருக்கும். எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் முட்டையும் வாங்கிவிடுங்கள்.

அறை மூலையில் ஓடு பதித்த பெரிய அடுப்பு நின்றால் அதில் எதையும் எரிக்கப் பார்க்காதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் கிராகோவில் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை. அதற்கு முன்னால் குளிர்காலத்தில் அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள், தொண்டை எரியும் என்பார்கள். இப்போது எவ்வளவோ தேவலாம்.

ஒற்றைச்சாரல்:

கொங்குமகன் அண்ணா சொன்னது எல்லாம் உபயோகமானதுதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், வீட்டுக்குள் போகும் முன் வாசல் நிலைச் சட்டத்தையும் பாருங்கள்.

நான் கிராகோவின் காஜிமியெஷ் பகுதியில் ஆறு வாரம் இருந்தேன். புதுச் சமையலறை, வெந்நீர், நல்ல ஹீட்டர், எல்லாம் உண்டு. முன்கதவு மட்டும் பழசு. உள்ளே போகும்போது வலது பக்கச் சட்டத்தில், தோள் உயரத்தில், ஒரு விரல் நீளத்துக்குச் சாய்வான பள்ளம். மேலும் கீழும் ஒவ்வொரு ஆணித் துளை. மேலே பூசிய பெயின்ட் நாலைந்து அடுக்கு இருக்கும், அத்தனையும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி வழுவழுப்பாகியிருந்தது. பூட்டு இறுக்கம், கதவில் சாய்ந்துதான் சாவியைத் திருப்ப வேண்டும். தினமும் என் தோள் அதில் படும். பூச்சி அரித்தது என்றே பத்து நாள் நினைத்தேன்.

பக்கத்துத் தெரு அருங்காட்சியகத்தில் ஒரு புகைப்படம் பார்த்தபோதுதான் புரிந்தது. மெசூசா இருந்த இடம். யூத வீடுகளில் வாசல் சட்டத்தில் பதிக்கும், வேத வாசகம் சுருட்டி வைத்த சிறு கூடு. போருக்கு முன் கிராகோவில் அறுபதாயிரம் யூதர்களுக்கு மேல் இருந்தார்கள். 1941 மார்ச்சில் நாஜிகள் அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போத்கூஜே கெட்டோவுக்கு, யூதர்களை அடைத்து வைத்த பகுதிக்கு, தள்ளினார்கள், 1943 மார்ச்சில் அதையும் அழித்தார்கள். என் கதவில் அதைப் பதித்தவர் யார் என்று தேட என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. அன்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வெகுநேரம் நின்றேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தோள் படாமல் தள்ளி நின்று திறக்கப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார். முன்கதவை மாற்றப் போகிறாராம், அடுத்த முறை வந்தால் பூட்டுக்குக் கஷ்டப்பட வேண்டாம் என்றார். அந்தச் சட்டத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்று காரணத்தோடு எழுதினேன். அவருக்கு அது தெரியவே தெரியாதாம். எந்தப் பக்கம் என்று கேட்டார். உள்ளே போகும்போது வலது பக்கம், தோள் உயரத்தில், கண்ணால் தெரியாது, கையால் தடவிப் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.