இயர் 10, 11-இல் பிள்ளையைச் சேர்த்திருக்கிறீர்களா? பாஸ்ட் பேப்பர் (பழைய வினாத்தாள்) தேடும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டியவை

இங்கிலாந்தில் இயர் 10, 11 இரண்டும் ஜிசிஎஸ்இ தேர்வுக்குத் தயாராகும் வருடங்கள், நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. இங்கே புதிதாக வந்தவர்கள் முதலில் தேடுவது பாடப்புத்தகத்தைத்தான். நம் ஊரில் பள்ளி திறந்ததும் புத்தகக் கட்டு கைக்கு வந்துவிடும், பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை முடித்து, ஒரு கைடு வாங்கி, ஐந்து வருட வினாத்தாளைப் போட்டுப் பார்த்தால் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடலாம். இங்கே பல பள்ளிகளில் புத்தகம் வீட்டுக்கே வராது. நாங்கள் வந்தபோது என் மகள் இயர் 10. அவள் பை காலியாகத் திரும்பி வருவதைப் பார்த்துப் பயந்துபோய், இணையத்தில் கிடைத்த கணக்கு வினாத்தாள்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து போட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அத்தனையும் இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ தாள்கள், அவள் எழுதப்போகும் தேர்வே வேறு.

அதனால் முதல் வேலை, பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த எக்ஸாம் போர்டு (தேர்வு நடத்தும் அமைப்பு), அதன் ஸ்பெசிஃபிகேஷன் (பாடத்திட்ட) எண் என்ன, கணக்கிலும் அறிவியலிலும் எளிய நிலையான ஃபவுண்டேஷனா, மேல் நிலையான ஹையரா, ஆங்கில இலக்கியத்தில் எந்த நாடகம், எந்த நாவல் என்று கேளுங்கள். இங்கே ஒரே அரசுத் தேர்வு கிடையாது. ஏக்யூஏ, எடெக்செல், ஓசிஆர், எடியூகாஸ் என்று பல போர்டுகள் உண்டு, பாடத்துக்குப் பாடம் பள்ளியே தேர்ந்தெடுக்கும். ஒரே பிள்ளைக்குக் கணக்கு எடெக்செல், அறிவியல் ஏக்யூஏ என்று இருப்பது சாதாரணம். ஏக்யூஏ கணக்கு என்றால் 8300, எடெக்செல் கணக்கு 1எம்ஏ1. ஏக்யூஏ அறிவியலிலேயே மூன்று அறிவியலும் சேர்ந்த கம்பைன்ட் ட்ரிலஜி 8464, உயிரியல் தனியாக எடுத்தால் 8461. இந்த எண் கையில் இருந்தால் தவறான தாளை எடுக்கவே மாட்டீர்கள்.

ஃபவுண்டேஷன், ஹையர் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். ஃபவுண்டேஷன் தாளில் முழு மதிப்பெண் எடுத்தாலும் கிரேடு 5-க்கு மேல் போகாது. உச்சமான 9 வரை போக ஹையர் எழுத வேண்டும். புதிதாக வந்த பிள்ளை ஆங்கிலத்தில் தயங்குவதைப் பார்த்துக் கணக்கிலும் கீழ் செட்டில் (திறன்வாரியாகப் பிரித்த வகுப்பில்) போட்டுவிடுவது உண்டு. பின்னால் ஏ-லெவலில் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) கணக்கு எடுக்கப் பல இடங்களில் 6 அல்லது 7 கேட்பார்கள். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்றால் அவள் போட்ட ஹையர் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பேரண்ட்ஸ் ஈவ்னிங்குக்குப் போங்கள். பள்ளியில் போய் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கே யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தயங்காமல் கேளுங்கள்.

இனி தாள்கள். எல்லா போர்டுகளும் பழைய வினாத்தாள், மார்க் ஸ்கீம் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற விடைக்குறிப்பு), எக்ஸாமினர் ரிப்போர்ட் (திருத்தியவர்களின் அறிக்கை) எல்லாவற்றையும் தங்கள் தளத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. ஆனால் 9 முதல் 1 வரையிலான இந்தப் புதிய முறையில் கணக்கும் ஆங்கிலமும் 2017-இல்தான் முதலில் நடந்தன, அறிவியல் 2018-இல். 2020, 2021 கோடைத் தேர்வுகள் கொரோனாவால் நடக்கவில்லை, அந்த வருடங்களுக்கு இலையுதிர் காலத் தாள்கள்தான் உண்டு. ஆக, கையில் இருக்கும் தாள்களுக்கு ஓர் அளவு உண்டு. இயர் 10-லேயே எல்லாவற்றையும் போட்டுத் தீர்த்துவிட்டால் கடைசி இரண்டு மாதம் நேரம் வைத்து எழுதிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இயர் 10-இல் பாடவாரியான கேள்விகள் போதும். இணையத்தில் கணக்குக்கு கார்பெட்மேத்ஸ், மேத்ஸ் ஜீனி, அறிவியலுக்கு ஃபிசிக்ஸ் அண்ட் மேத்ஸ் டியூட்டர், பாடம் புரியாத இடத்தில் பிபிசி பைட்சைஸ். எல்லாம் இலவசம். கடைசியாக நடந்த கோடைத் தேர்வின் தாளை மட்டும் போர்டு சில மாதம் பூட்டி வைத்திருக்கும், பள்ளிகள் அதையே மாக் (மாதிரித்) தேர்வுக்கு வைப்பது வழக்கம். அதை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று மாக் தேர்வில்தான் தெரியும், அதைக் கெடுத்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால் வினாத்தாளைவிட மார்க் ஸ்கீம்தான் பெரிய பொக்கிஷம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: 20% தள்ளுபடிக்குப் பிறகு ஒரு ஜாக்கெட்டின் விலை 68 பவுண்டு, முதலில் என்ன விலை? என் மகள் மனக்கணக்காகப் போட்டு 8.5 என்று மட்டும் எழுதி வைத்திருந்தாள், தசமப் புள்ளி நகர்ந்துவிட்டது. விடை 85. அதே தவறோடு 68 ÷ 0.8 என்று ஒரு வரி எழுதியிருந்தால் வழிமுறைக்கான எம் மதிப்பெண் கிடைத்திருக்கும், ஏ என்ற விடைக்கான மதிப்பெண் மட்டும்தான் போயிருக்கும். இப்போது சாப்பாட்டு மேசையில் தாள், மார்க் ஸ்கீம், பச்சைப் பேனா மூன்றையும் வைத்துக்கொண்டு அவளே திருத்துகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோடு சரி. அறிவியலிலும் இப்படித்தான். டிஸ்கிரைப் என்றால் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும், எக்ஸ்ப்ளைன் என்றால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். மனப்பாடமாகப் பக்கம் பக்கமாக எழுதும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

ஆங்கில மொழிப் பாடத்துக்கு மனப்பாடக் கட்டுரை உதவாது. ஏக்யூஏ முதல் தாளின் 80 மதிப்பெண்ணில் கடைசிக் கேள்விக்கு மட்டும் 40, கதையோ வர்ணனையோ அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். வாரம் ஒன்று, 45 நிமிடம் வைத்து எழுதி ஆசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் கேட்டால் திருத்திக் கொடுக்கிறார்கள்.

காசு கட்டும் முன் பள்ளி ஏற்கெனவே எதற்குச் சந்தா கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஸ்பார்க்ஸ், செனகா, ஜிசிஎஸ்இபாட் போன்ற இணையப் பயிற்சித் தளங்களுக்குப் பிள்ளையிடம் லாகின் இருக்கும், நம்மிடம் சொல்லியிருக்காது. சிஜிபி என்ற பதிப்பகத்தின் கைடு புத்தகங்கள் ஊர் நூலகத்திலும் கிடைக்கும். தேர்வு நெருங்கும்போது லீக்கான தாள் என்று சமூக ஊடகங்களில் விற்க வருவார்கள். பெரும்பாலும் ஏமாற்று வேலை. உண்மையாகவே இருந்து வாங்கினாலும் பிள்ளையின் மதிப்பெண் ரத்தாகலாம்.

இயர் 11 நடுவில் வந்து இறங்கியவர்கள் எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். கணக்கையும் ஆங்கிலத்தையும் முதலில் பாருங்கள். அந்த இரண்டில் கிரேடு 4 வராவிட்டால் 16 வயதுக்கு மேல் படிக்கும்போதும் அந்தப் பாடத்தைத் தொடர வேண்டிவரும். கணக்குக்கும் ஆங்கில மொழிக்கும் நவம்பரில் மறுதேர்வு உண்டு, அந்த நவம்பர் தாள்களும் போர்டு தளங்களிலேயே கிடக்கின்றன. ஜூன் தாள்கள் தீர்ந்துபோனவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.