ஏழாவது புத்தகத்தோடு நிறுத்துவதா, எட்டையும் சேர்ப்பதா?

இளவேனில்:
'தி வாம்பயர் டைரீஸ்' என்ற இளையோர் ரத்தக்காட்டேரி நாவல் வரிசையில் ஏழாவதான 'மிட்நைட்' வரை படித்துவிட்டேன். அடுத்தது 'ஃபேண்டம்'. அட்டையில் தொடரைத் தொடங்கிய எழுத்தாளர் எல்.ஜே. ஸ்மித்தின் பெயர் பெரிதாக இருக்கிறது, ஆனால் எழுதியது அவர் இல்லை என்கிறார்கள். இதையும் வரிசையில் சேர்த்துப் படிப்பதா, விட்டுவிடுவதா? டேமனை அந்த நிலையில் விட்டுவிட்டுப் புத்தகத்தை மூட எனக்கு மனம் வரவில்லை.

காக்கைச்சிறகு:
விட்டுவிடுங்கள். 'மிட்நைட்' வெளிவந்த 2011இலேயே ஸ்மித்தைத் தொடரிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதை அவரே வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். 'ஃபேண்டம்' தொடங்கி வரும் மூன்றும் வேறொருவரை வைத்து எழுதியவை. 2013, 2014இல் வந்த அடுத்த மூன்றில் ஆப்ரி கிளார்க் என்ற பெயர் இருக்கிறது. ஃபெல்ஸ் சர்ச் என்ற ஊர், நாயகி எலெனா, டேமனும் ஸ்டெஃபனும் என இரண்டு சால்வடோர் சகோதரர்கள் எல்லாம் 1991இல் ஸ்மித்தின் பேனாவில் உயிர் பெற்றவை. அவரை வெளியே தள்ளிவிட்டு அவர் பெயரை மட்டும் அட்டையில் வைத்துக்கொண்டார்கள். இதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

பின்னட்டை:
காக்கைச்சிறகு சொல்வதைக் கேட்டால், ஒரு பெண்மணி வீட்டில் உட்கார்ந்து கனவு கண்ட கதையை யாரோ திருடிவிட்டதாகத் தோன்றும். நடந்தது வேறு. இளையோருக்கு ஒரு ரத்தக்காட்டேரிக் கதை வேண்டும் என்று முடிவு செய்தது ஒரு புத்தகத் தயாரிப்பு நிறுவனம். அவர்கள்தான் ஸ்மித்தைத் தேடிப் போய் எழுதச் சொன்னார்கள். பிற்பாடு அலாய் என்டர்டெயின்மென்ட் என்று பெயர் பெற்றது அதுவே. 'காசிப் கேர்ள்', 'பிரெட்டி லிட்டில் லயர்ஸ்' என்ற இளையோர் தொடர்கள் இரண்டும் இப்படி அங்கே உருவானவைதான். கூலிக்கு எழுதித் தரும் ஒப்பந்தம், பதிப்புரிமை முதல் நாளிலிருந்தே நிறுவனத்துக்கு. எழுதியவர் மாறினால் தொடர் செத்துவிடும் என்று அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

காக்கைச்சிறகு:
ஒப்பந்தத்தில் இல்லைதான். வாசகருக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் என்ன தொடர்பு? முக்கோணக் காதல் ஒன்று வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். விக்கரி பாலத்திலிருந்து எலெனா ஓட்டும் கார் ஆற்றில் விழும் இடத்தை எழுதிக் காட்டுவதுதான் வேலை. பள்ளியின் ராணியாக வலம் வந்த பெண்ணைக் கொன்று, ரத்தக்காட்டேரியாக எழுப்பி, மூன்றாம் புத்தகத்தின் முடிவில் மறுபடி கொன்றார். இளையோர் நாவலில் 1991இல் இவ்வளவு துணிச்சல்! அந்தத் துணிச்சல் எந்த நிறுவனத்தின் கோப்பில் இருந்தது?

நடுநிசி:
இரண்டு பேரும் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: தொடர் மூன்றாவதிலேயே முடிந்துவிட்டது. நான்காவதான 'டார்க் ரீயூனியன்' (1992) வாசகர்கள் கேட்டதால் வந்தது. அதையாவது மன்னிக்கலாம், எலெனாவின் தோழி பானியின் பார்வையில் கதை நகரும் விதம் எனக்குப் பிடிக்கும். அதன்பின் பதினேழு ஆண்டுகள் ஒன்றுமில்லை. 'ட்வைலைட்' என்ற இன்னொரு ரத்தக்காட்டேரித் தொடர் வெற்றி பெற்ற சூட்டில் பழைய புத்தகங்கள் மறுபதிப்பாகி விற்றன, தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அதே 2009இல் ஐந்தாவதான 'நைட்ஃபால்'. கதைப்படி நான்காவது முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் எல்லார் கையிலும் கைபேசி! ஜப்பானிய நரி ஆவிகள், இருள் உலகம், அங்கே அடிமைச் சந்தை... இதை எழுதியது ஸ்மித்தேதான். ஆள் அவரேயானாலும் கதை அதே கதை இல்லை. எட்டாவதை யார் எழுதினார் என்று சண்டை போடுபவர்கள் ஐந்தாவதைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

பின்னட்டை:
நன்றி, நான் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிட்டீர்கள். 'ஃபேண்டம்' மொழியில் சாதாரணம்தான், ஆனால் ஓர் ஊர், ஒரு பேய், ஒரு பொறாமை என்று கதை ஒழுங்காக நடக்கிறது. ஆறாவதான 'ஷேடோ சோல்ஸ்' நடுவில் யார் எந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்று நான் தாளில் குறித்துவைக்க வேண்டியிருந்தது.

காக்கைச்சிறகு:
ஐந்து முதல் ஏழு வரையுள்ள 'ரிட்டர்ன்' மூன்றும் கோணல்மாணலானவை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோணலில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ஸ்மித்துக்கு டேமன் மேல் இருந்த ஈடுபாடு பக்கத்துக்குப் பக்கம் வழிகிறது. 'மிட்நைட்' முடிவில் அவன் இறந்து, கடைசிப் பக்கங்களில் சாம்பலுக்குள் ஏதோ ஒன்று விழிக்கிறதே, அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அந்த நூலிழையை இன்னொருவர் கையில் கொடுத்து, வேறு சட்டை தைக்கச் சொன்னார்கள். நீங்கள் ஒழுங்கு என்பதை நான் சப்பென்று இருக்கிறது என்பேன்.

இளவேனில்:
அவருடைய அந்தத் திட்டம் எங்காவது வெளிவந்ததா?

காக்கைச்சிறகு:
ஓரளவு. 2013இல் அமேசான் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. உரிமையாளர்களின் அனுமதியோடு ரசிகர்கள் கதை எழுதி விற்கலாம். 'வாம்பயர் டைரீஸ்' உலகமும் அதில் இருந்தது. 2014இல் ஸ்மித் அங்கே போய் 'ஈவன்சாங்' என்ற பெயரில் தன் வழியில் தொடர்ச்சியை எழுதி வெளியிட்டார். எலெனாவைப் படைத்தவர், எலெனாவைப் பற்றி எழுத ரசிகர்களோடு வரிசையில் நிற்கிறார். இதைப் படித்த பிறகுமா பின்னட்டைக்கு நிறுவனத்தின் மேல் பரிவு?

பின்னட்டை:
பரிவு யாருக்கு இருக்கிறது? சட்டப்படி யாருடையது என்றுதான் சொன்னேன். அந்த வாயில் திறந்ததும் நிறுவனம் கொடுத்த உரிமத்தால்தான். இல்லாவிட்டால் 'ஈவன்சாங்' விற்பனைக்கே வந்திருக்காது.

காக்கைச்சிறகு:
அந்த உரிமத்தின் இன்னொரு விதியையும் சொல்லுங்கள். அங்கே எழுதுபவர் புதிதாக ஒரு பாத்திரத்தைப் படைத்தால், மூல உரிமையாளர் அதைத் தனியாகக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஸ்மித் இரண்டாம் முறையும் அதே கதவுக்குள் தலை கொடுத்தார். 2018இல் அமேசான் அந்தக் கடையையே மூடிவிட்டது. அந்தப் பிரதியும் விற்பனையிலிருந்து போயிற்று.

நடுநிசி:
2025இல் ஸ்மித் காலமானார். 'நைட் வேர்ல்ட்' என்ற அவருடைய இன்னொரு தொடரின் கடைசிப் புத்தகம் 'ஸ்ட்ரேஞ்ச் ஃபேட்'. 1998இலிருந்து வாசகர்கள் காத்திருந்தார்கள், வரவேயில்லை. காக்கைச்சிறகின் கட்சிக்கு இதுவும் ஒரு சிக்கல்: எழுத்தாளர் மட்டுமே முடிக்க வேண்டும் என்றால் சில கதைகள் முடியாமலே நின்றுவிடும்.

காக்கைச்சிறகு:
நிற்கட்டுமே. முடியாத கதையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும்.

பின்னட்டை:
உங்களால் முடியும். கேள்வி கேட்டவரால் முடியவில்லையே, முதல் பதிவில் அதைத்தானே எழுதியிருக்கிறார்? இளவேனில், 'ஃபேண்டம்' எடுத்து முதல் ஐம்பது பக்கம் படியுங்கள். டேமன் வருகிறான். அவன் உங்களுக்குத் தெரிந்த டேமனாக இல்லையென்றால் அங்கேயே மூடுங்கள்.

இளவேனில்:
சரி, படிக்கிறேன். ஆனால் கடையில் வாங்கவில்லை, நூலகத்தில்தான் எடுக்கப் போகிறேன். காக்கைச்சிறகு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காக்கைச்சிறகு:
நூலகம் என்றால் ஆட்சேபணை இல்லை. ஐம்பதாம் பக்கத்தில் வந்து சொல்லுங்கள்.