மிரெய் மத்தியூ: தொழிற்சாலைக்குப் போன பிள்ளை மேடைக்கு வந்தது எப்படி?

தலவாக்கலை டீச்சர்:
வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அருமையான குரல், மேல் ஸ்தாயிக்குப் போனாலும் சுருதி விலகாது. தமிழ்மொழித் தினப் போட்டியில் கோட்ட மட்டத்தில் முதலாவதாக வந்தாள், வலயத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் மூத்தவள், அம்மா கொழுந்து பறிக்கிறார், சாதாரண தரம் எழுதியதும் கொழும்பில் கார்மென்ட்ஸுக்கு அனுப்புவதாகப் பேச்சு நடக்கிறது. இனிப் பாட்டு எதற்கு மிஸ் என்று பிள்ளையே கேட்கிறாள்.

பிரான்ஸ் பாடகி மிரெய் மத்தியூவைப் பற்றி அவளிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். கல் கொத்துபவரின் மகள், 14 பிள்ளைகளில் மூத்தவர் என்பது வரைதான் எனக்குத் தெரியும். குரலை மட்டும் வைத்துக்கொண்டு வந்தாரா, யாராவது கைகொடுத்தார்களா, பாட்டுப் படிக்கக் காசு எங்கிருந்து வந்தது? கதை கட்டாமல் உள்ளபடி சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பண்டாரவளை மைந்தன்:
மிஸ், எனக்குச் சொந்த ஊர் பண்டாரவளை, இப்போது பாரிஸில் வேலை. இங்கே வயதானவர்களிடம் அவர் பெயரைச் சொன்னாலே, நெற்றியை மூடி வட்டமாக வெட்டிய அந்தக் கறுப்பு முடியைக் கையால் காட்டுவார்கள்.

பிறந்தது 1946 ஜூலை 22, தெற்கே அவிஞோன் நகரத்தில். அப்பா ரொஜே கல்லறைக்கற்கள் கொத்துபவர், அவருக்கே ஓப்பரா பாடும் குரல், ஆனால் பாடகராகக் கொடுத்துவைக்கவில்லை. மகளைக் கோவிலில் தன்னோடு பாடவைத்தார், நாலு வயதில் நத்தார் நள்ளிரவுப் பூசையில் பாடியதற்கு ஒரு லொலிபொப் கொடுத்தாராம், அதுதான் முதல் சம்பளம். வீட்டில் சரியான கஷ்டம், 1954இல் அரசாங்க உதவியோடு கட்டிய குடியிருப்பு கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இல்லை. எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதே அவருக்குப் பெரும்பாடு, போதாததற்கு இடக்கைப் பழக்கம் வேறு, அந்தக் கையால் எழுதும்போதெல்லாம் ரூலரால் அடி விழும். வலக்கைக்கு மாறிவிட்டார், ஆனால் பாடும்போது பாருங்கள், அந்த இடக்கைதான் அதிகம் பேசும்.

14 வயதில் படிப்பை விட்டு மொன்ஃபாவே என்ற இடத்தில் கடித உறை செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். உங்கள் காசுக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு, மிச்சத்தில் பாட்டு வகுப்பு. வேலை நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் பாடிக்கொண்டே இருப்பாராம், கூட வேலை செய்தவர்களுக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது.

அவிஞோன் நகரசபை ஆதரவில் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். 1962இல் தோற்றார், அடுத்த வருஷமும் தோற்றார், 1964இல்தான் பிரான்ஸின் பெரிய பாடகி எடித் பியாஃபின் பாட்டு ஒன்றைப் பாடி வென்றார். அந்தப் பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள் மிஸ், வலயத்தில் தோற்பது ஒன்றும் கடைசி இல்லை.

கொட்டகலை வானொலி ரசிகன்:
மேலே எழுதிய தம்பி 1964 உடன் நிறுத்திவிட்டார், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் டீச்சரின் கேள்விக்குப் பாதிதான் பதில். 1965 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாடினார். பியாஃப் இறந்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது, குரல் அப்படியே அவரை நினைவுபடுத்தியதால் நாடே திரும்பிப் பார்த்தது. பிரெஞ்சு ராக் பாடகர் ஜொனி ஹாலிடேயின் மேலாளராக இருந்த ஜொனி ஸ்டார்க் அவரைப் பொறுப்பெடுத்தார். ஸ்டார்க் கடுமையான ஆள். உச்சரிப்பு, மேடையில் நிற்கும் விதம், பாட்டுத் தெரிவு எல்லாவற்றையும் பிடித்துப் பழக்கினார். போல் மோரியா இசையமைத்துக் கொடுக்க, 1966இல் வந்த 'மோன் கிரேதோ' என்ற பாட்டு பெரிய வெற்றி.

இன்னொரு பியாஃப் என்று எழுதி எழுதியே பத்திரிகைகள் அவரை நகல் ஆக்கப் பார்த்தன. அதிலிருந்து வெளியே வந்ததுதான் அவருடைய உண்மையான சாதனை என்பேன். ஜெர்மன் மொழியில் பாடி ஜெர்மனியில் தனியாக ஒரு ரசிகர் கூட்டத்தையே பிடித்தார், ரஷ்ய மொழியிலும் ஜப்பான் மொழியிலும் பாடினார். வாசிக்கச் சிரமப்பட்ட பிள்ளைக்கு ஞாபகசக்தி அப்படி! 1989இல் ஸ்டார்க் இறந்த பிறகும் ஓய்ந்துவிடவில்லை, மொஸ்கோவில் செஞ்சதுக்க இசைவிழா மேடை வரைக்கும் போய்ப் பாடினார். ஆக டீச்சர், குரல் அவருடையது, ஆனால் தூக்கிவிட ஆள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதுளை அக்கா:
கொஞ்சம் கவனமாகச் சொல்லுங்க மிஸ். 14 வயதில் படிப்பை விட்டவர் உலகப் பாடகி ஆனார் என்று சொன்னால், நம்ம லயத்து வீடுகளில் அது படிப்பை நிறுத்த இன்னொரு சாட்டு ஆகிவிடும். அவர் விரும்பி விடவில்லை, வீட்டு நிலை அப்படி. அவருடைய ஊரில் நகரசபையே போட்டி வைத்தது, சம்பளக் காசுக்குள் ஒரு பாட்டு வகுப்பு கிடைத்தது. நம்ம தோட்டங்களில் சங்கீதத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரிய விஷயம். பிள்ளை கார்மென்ட்ஸுக்குப் போனாலும் கொழும்பில் மாலை வகுப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்தால் இந்தக் கதையை விட அது உதவும். அப்புறம் அம்மாவோடு பேசும்போது அந்த அப்பா ரொஜேயைப் பற்றிச் சொல்லுங்க. 1968இல் மகள் போட்ட நத்தார் இசைத்தட்டில் அவருடைய குரலும் சேர்ந்தது. வாழ்நாள் முழுக்கக் கல் கொத்திய மனிதருக்குக் கடைசியில் அந்த இடம் கிடைத்ததே, அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தலவாக்கலை டீச்சர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பதுளை அக்கா சொன்னது சரி, படிப்பை விட்ட விஷயத்தை அப்படியேதான் சொல்லப் போகிறேன், பெருமையாக அல்ல. மாலை வகுப்பு பற்றியும் கொழும்பில் இருக்கும் என் தோழியிடம் கேட்கிறேன். அந்த 1965 நிகழ்ச்சியைப் பிள்ளைக்குப் போனில் போட்டுக் காட்ட முடியுமா?

பண்டாரவளை மைந்தன்:
முடியும் மிஸ். பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் பழைய பதிவுகளைப் பாதுகாக்கும் ஈனா நிறுவனத்தின் பக்கத்தில் அவர் பெயரோடு, அன்று அவர் பாடிய பாட்டான 'ஜெஸபெல்' என்று போட்டுத் தேடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான். உயரம் 1.52 மீட்டர், ஆனால் குரல் வரும்போது ஆள் சின்னதாகவே தெரியாது. முதலில் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு, பிறகு படத்தைக் காட்டுங்கள்.