புறாக்கூண்டு உள்ள வீட்டுக்குப் பறவை வேட்டை இன நாய்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டை மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு மாடியும் மொட்டைமாடியும் உள்ள சொந்த வீட்டில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் தாயாரும் வசிக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. மொட்டைமாடியில் அப்பா காலத்திலிருந்தே புறாக்கூண்டு இருக்கிறது. எங்கே விட்டாலும் கூடு திரும்பும் ஹோமர் புறாக்களும், பறக்கும்போது குட்டிக்கரணம் அடிக்கும் சில கர்ணப் புறாக்களும் வளர்க்கிறோம்.

என் தாத்தா பழவேற்காட்டில் படகு ஓட்டியவர். ஏரியில் வாத்து சுட வந்த துரைமார்களின் நாய்கள், சுடப்பட்ட பறவையைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்வி, பல் பதியாமல் படகில் கொண்டுவந்து வைக்கும் என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வேட்டையில் எனக்கு எந்த நாட்டமும் இல்லை. ஆனால் மனிதனோடு சேர்ந்து வேலை செய்யவே உருவாக்கப்பட்ட அந்த இனங்களில் ஒன்றை, வீட்டு நாயாக, பிள்ளைகளுக்குத் துணையாக வளர்க்க வேண்டும் என்ற ஆசை பல காலமாக இருக்கிறது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பானியல், பாயிண்டர் ஆகிய நான்கில் எது எங்கள் வீட்டுக்குப் பொருந்தும்? பறவையைத் தேடுவதற்கென்றே பிறந்த நாய் புறாக்களோடு ஒரே கூரையின்கீழ் இருக்க முடியுமா? நாய் வந்ததும் அதைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைத் துரத்தவிட்டுப் பழக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். அது சரியா என்றும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பெரம்பூர், நாய்ப் பயிற்சியாளர்

வணக்கம் தம்பி. இனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த இனத்துக்கு மனிதன் என்ன வேலை கொடுத்திருந்தான் என்பதைப் பார்க்க வேண்டும். வேட்டையை நாம் விட்டுவிட்டாலும் நாய் அந்த வேலையை விடுவதில்லை. அது உங்கள் வீட்டுக்குள்ளேயே வேறொரு வடிவில் வெளிப்படும்.

பாயிண்டரும் செட்டரும் வேட்டைக்காரனுக்கு வெகுதூரம் முன்னால் ஓடி, காற்றில் வரும் வாசனையை வைத்துப் பறவை பதுங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே அசையாமல் நின்று காட்டுபவை. ஸ்பானியல்கள் துப்பாக்கிக்கு எட்டும் தொலைவுக்குள்ளேயே புதரில் நுழைந்து பறவையைக் கிளப்பிவிடுபவை. ரெட்ரீவர்கள் அவற்றைப்போல் முன்னால் ஓடித் தேடாமல் எஜமானின் காலடியில் அமைதியாகக் காத்திருந்து, சொன்ன பிறகே போய், விழுந்த பறவையைக் காயப்படுத்தாமல் எடுத்துவந்து கையில் கொடுப்பவை. காத்திருப்பதும், சொல்லுக்குக் கட்டுப்படுவதும், வாயை மென்மையாக வைத்துக்கொள்வதும் அவற்றின் தொழிலுக்கே அடிப்படை என்பதால்தான் உலகம் முழுவதும் குடும்பங்கள் ரெட்ரீவர்களை விரும்புகின்றன. உங்கள் தாத்தா பார்த்ததும் ஏதோ ஒரு ரெட்ரீவராக இருக்கலாம்.

பாயிண்டரை முதலிலேயே விட்டுவிடுங்கள். குட்டையான மயிர் உள்ள நாய் என்பதால் நம் வெயிலை ஓரளவு தாங்கும், குணமும் நல்லது. ஆனால் நாள்தோறும் கட்டவிழ்ந்து நெடுந்தூரம் ஓடியே ஆக வேண்டிய பிறவி அது. தண்டையார்பேட்டைத் தெருவில் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்துவருவது அதற்குப் போதாது. ஓட்டம் கிடைக்காத பாயிண்டர் மாடிப்படியில் ஏறி இறங்கியே தன்னையும் வீட்டாரையும் களைக்க வைத்துவிடும்.

கோல்டன் ரெட்ரீவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் குளிர்ந்த மலைப்பகுதியில் உருவானது. அதன் இரட்டை மயிர்ப் போர்வை அந்த நீருக்கும் குளிருக்கும் ஏற்றது. நம் ஊரில் அதை மகிழ்ச்சியாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், கோடையில் பகல் முழுவதும் குளிரூட்டிய அறை தர முடியும் என்றால் மட்டுமே யோசியுங்கள்.

ஆக மிஞ்சுவது லேப்ரடாரும் காக்கரும். லேப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை எடை வைக்கும் நாய். இரண்டு வயது வரை குட்டியின் துள்ளல் போகாது. நான்கு வயதுப் பையனை அன்பு மிகுதியாலேயே இடித்துத் தள்ளிவிடும். காக்கர் 12 முதல் 15 கிலோ வரைதான் இருக்கும், சிறிய வீட்டில் அடங்கும். ஆனால் இரண்டில் பறவையின் மேல் அதிகம் துடிப்பது அதுதான், ஏனென்றால் பறவையைக் கிளப்புவதே அதன் வேலை. புறாக்கூண்டு இருக்கும் வீட்டில் நான் லேப்ரடாரைத்தான் சொல்வேன்.

குட்டி வாங்கும்போது தாயையாவது நேரில் பாருங்கள். புதியவர் வந்ததும் பதுங்குகிற அல்லது சீறுகிற தாயின் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி தவறு. அப்படித் தர முன்வருபவரிடம் எதையும் வாங்காதீர்கள். பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைக் கேட்டால் காட்டுபவரிடமே போங்கள்.

பதில்: ராயபுரம், புறா வளர்க்கும் இல்லத்தரசி

அண்ணா, எங்கள் வீட்டிலும் மாடியில் ஹோமர்களும் சாதாப் புறாக்களும் இருக்கின்றன, கீழே ஒரு லேப்ரடார் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வாழும், ஆனால் தானாக வாழாது.

நாயைத் தூண்டுவது புறா அல்ல, புறாவின் சிறகடிப்பு. கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் புறாவை எங்கள் நாய் குட்டியாக இருந்தபோதே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கதவைத் திறந்ததும் எல்லாம் சேர்ந்து படபடவென்று கிளம்பும் அந்த நொடியில்தான் அதன் காது முன்னுக்கு வரும், முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு எழும், உடம்பு முழுவதும் விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு வந்த கணத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்ததும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுத்துவந்தோம். ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிட்டால் எந்த நாயும் கேட்காது. இப்போது புறாக்கள் கிளம்பினால் அது எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. அப்படியிருந்தும் காலையிலும் மாலையிலும் புறா விடும் நேரத்தில் அதை வாரோடுதான் மேலே அழைத்துப்போகிறோம், மாடிக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். வாய் மென்மையான நாயானாலும், பறக்கத் தெரியாமல் தரையில் விழுந்த குஞ்சை அது ஆசையாகத் தூக்கி வந்தால் குஞ்சு அதிர்ச்சியிலேயே செத்துவிடும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நாய்க்குப் புறா எச்சமும் சிந்திய தீவனமும் மிகவும் பிடிக்கும். எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், நாய் மேலே வருவதற்கு முன்னால் கூண்டைச் சுற்றிக் கூட்டிக் கழுவிவிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நாயின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகிற சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

பதில்: மீஞ்சூர், பறவை பார்ப்பவன்

உங்கள் தம்பியின் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயத்தில் காட்டுயிர்களைச் சீண்டுவதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்கு வெளியிலும் காட்டுப் பறவையைப் பிடிப்பது, பிடிப்பதற்காக விரட்டுவது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாமே வேட்டை என்ற சொல்லுக்குள் வந்துவிடும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குளிர்காலத்தில் நெடுந்தூரம் பறந்துவந்து சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் பூநாரைகளும் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்துவைத்த கொழுப்பைத்தான் செலவழிக்கின்றன. திரும்பிப் போவதற்கு அந்தக் கொழுப்புதான் அவற்றுக்குத் துணை. ஒரு நாயின் மகிழ்ச்சிக்காக அதைப் பறிக்க வேண்டாம்.

நாயை நீந்தவிட வேண்டும் என்று தோன்றினால் எண்ணூர் கழிமுகத்தையும் தவிர்த்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் கறுப்பாகிப் பறக்க முடியாமல் கிடந்ததை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

பதில்: வேப்பேரி, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மேலே எழுதியவர்கள் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். நாயின் உடல்நலம் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

லேப்ரடாருக்கு நம் ஊரில் முதல் எதிரி உடல் எடை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தபடி, லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் ஒரு பகுதியே இல்லை. ஆகவே அந்த நாய் பசிப்பதாக நடிக்கவில்லை, அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. பாட்டி இட்லியும் பேரன் பிஸ்கட்டும் தனித்தனியாகக் கொடுக்கும் வீட்டில் அது ஓரிரு ஆண்டுகளில் பெருத்துவிடும், பிறகு இடுப்பு மூட்டு தாங்காது. ஒரு நாளைய உணவை ஒருவரே அளந்து வைத்து, பயிற்சிக்குக் கொடுப்பதையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று காசிமேட்டு மீனை வேகவைத்துக் கொடுப்பதில் தவறில்லை, முள்ளை முழுவதும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

வெயிலைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை, மூச்சிரைப்பின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் அந்த வழியும் பாதி அடைபட்டுப்போகிறது. கத்திரி வெயில் காலத்தில் சூரியன் ஏறுவதற்கு முன்னால் நடையை முடித்துவிடுங்கள். மொட்டைமாடியில் பகலில் ஒருபோதும் கட்டிவைக்காதீர்கள். மிதமிஞ்சி மூச்சிரைத்து, ஈறு அடர்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கோடைக்காக மயிரை ஒட்டச் சிரைப்பதும் வேண்டாம். நன்றாக வாரிவிட்டாலே போதும்.

காக்கரை எடுப்பவர்கள் காதை வாரந்தோறும் தூக்கிப் பார்க்க வேண்டும். கனத்த மயிரோடு தொங்கும் அந்தக் காதுக்குள் காற்றுப் புகாமல், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் சீழும் மிக எளிதாக வந்துவிடுகின்றன. புளித்த வாடை வந்தாலோ நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

எந்த இனமானாலும் உண்ணிக் காய்ச்சல் சென்னையில் ஆண்டு முழுவதும் உண்டு. உண்ணித் தடுப்பு மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். மழைக்காலத்தில் தெருவில் நிற்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும் பகுதி உங்களுடையது என்பதால், லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள். அந்த நோய் நாயிடமிருந்து பிள்ளைகளுக்கும் பரவக்கூடியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் போட வேண்டும். மாநகராட்சி உரிமத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

மறுமொழி: தண்டையார்பேட்டை மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் மீஞ்சூர் நண்பர் எழுதியதைப் படித்துக் காட்டினேன்; அவன் ஒப்புக்கொண்டான். லேப்ரடார் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் மகன் சிறியவன் என்பதால் குட்டிக்குப் பதிலாக வளர்ந்த நாயை எடுப்பது நல்லதா? வேட்டையே இல்லாத வீட்டில் எடுத்துவரும் அதன் ஆர்வத்துக்கு என்ன வேலை கொடுப்பது?

பதில்: பெரம்பூர், நாய்ப் பயிற்சியாளர்

வளர்ந்த நாய் உங்களுக்கு மிகவும் பொருந்தும் தம்பி. வெளிநாடு போவதாலோ வீடு மாறுவதாலோ இரண்டு மூன்று வயது லேப்ரடாரை நல்ல வீடு தேடிக் கொடுப்பவர்கள் நம் ஊரில் எப்போதும் இருக்கிறார்கள். அந்த வயதில் அதன் குணம் ஒளிவு மறைவில்லாமல் தெரிந்துவிடும். பிள்ளைகளை உடன் அழைத்துப்போய் ஒரு மணி நேரமாவது அதன் வீட்டில் உட்காருங்கள். பிறகு ஒரு புறாவைக் கூண்டோடு கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள். கூப்பிட்டால் பார்வையைத் திருப்புகிற நாய் உங்களுக்குச் சரி. கூண்டை விட்டு நகரவே மறுக்கிற நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் புறா இல்லாத வேறொரு வீட்டுக்குப் போகட்டும்.

வேலைக்குக் குறைவில்லை. பழைய சாக்குத் துணியை முழங்கை நீளத்துக்குச் சுருட்டி இறுகக் கட்டுங்கள். மகள் அதை வீட்டுக்குள் ஒளித்துவைக்கட்டும், அதுவரை நாய் உட்கார்ந்து காத்திருக்கட்டும், சொன்ன பிறகு தேடி எடுத்துவந்து அவள் கையில் கொடுக்கட்டும். வாயிலிருந்து பிடுங்கக் கூடாது, இழுத்து விளையாடவும் கூடாது. இரண்டும் அதன் மென்மையான வாயைக் கெடுத்துவிடும். கொடுத்ததும் பாராட்டிவிட்டு மறுபடி ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். வெளியே கால் வைக்க முடியாத மழை நாட்களிலும் கால் மணி நேரம் இதைச் செய்தால் அதன் மூக்குக்கும் மூளைக்கும் நல்ல வேலை கிடைத்துவிடும்.