ஜிம்மி ஸ்காட் பாடிய "ஹவ் டீப் இஸ் தி ஓஷன்": முதன்முதலில் கேட்ட அனுபவங்கள்

கவனிக்கப்படாத பாடல் என்று சொல்லப்படும் இதை முதலில் கேட்ட அனுபவத்தை வெவ்வேறு ரசிகர்கள் எழுதியிருக்கிறோம்; ஒருவர் எழுதியதை அடுத்தவருடையதிலிருந்து நட்சத்திரக் குறி பிரிக்கிறது.

இர்விங் பெர்லின் 1932இல் எழுதிய இந்தப் பாடலைச் சினாட்ராவின் குரலிலும் பில்லி ஹாலிடேயின் குரலிலும் பல ஆண்டுகள் கேட்டுப் பழகியிருந்ததால், இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றே எண்ணியிருந்தேன். ஓர் இரவு பாத்திரம் துலக்கிக்கொண்டே ஜாஸ் தொகுப்பு ஒன்றை ஓடவிட்டிருந்தபோது, அறிமுகமில்லாத ஒரு பெண் குரல் இதைப் பாடத் தொடங்கியது. குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு வந்து பார்த்தால், கைப்பேசித் திரையில் இருந்தது ஜிம்மி ஸ்காட் என்ற ஆணின் பெயர். கால்மன் நோய்க்குறி என்னும் பிறவிக் குறைபாட்டால் அவருக்குக் குரல் உடையவே இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அந்தக் குரல் தந்த வியப்பு இரண்டு மூன்று முறை கேட்டதும் அடங்கிவிட்டது. அவர் சொற்களை வைக்கும் இடந்தான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சிறு வயதில் மிருதங்கம் பயின்றவன் என்பதால், எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் கை தானாகவே தொடையில் தாளம் போடும். அன்று சில வரிகளுக்குள்ளேயே அது தடுமாறியது. நம் கீர்த்தனையில் எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம், அரை இடம் தள்ளி இருந்தால், ஒவ்வொரு முறையும் பல்லவி அதே அரை இடம் தள்ளித்தான் வரும் என்று நம்பி உட்காரலாம். இவரோ ஒரு வரியைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குகிறார், அடுத்ததை இன்னும் தாமதிக்கிறார், வாத்தியங்களின் சுரக்கூட்டு (chord) மாறிய பிறகும் முந்தைய சொல்லை விடாமல் பிடித்திருக்கிறார், இனித் தவறவிட்டுவிட்டார் என்று நாம் முடிவுகட்டும் வேளையில் வாத்தியங்களோடு வந்து சேர்ந்துகொள்கிறார். பாடலின் வரிகளோ, பொய் சொல்லமாட்டேன் என்ற ஒரே ஒரு வாக்கைத் தவிர, ஏறத்தாழ முழுவதும் கேள்விகள். மற்றவர்கள் பாடும்போது கடலின் ஆழமும் வானத்தின் உயரமும் காதலியைக் கொஞ்சும் அலங்காரமாகவே என் காதில் விழுந்தன. இவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, விடை தெரியாமல்தான் கேட்கிறார் என்று தோன்றியது.

*

பெண் குரல் என்று ஏமாந்தவர்களின் வரிசையில் நானும் இருக்கிறேன். என் பங்குக்கு, இசைத்தட்டின் அட்டையே என்னை ஏமாற்றியது. 1950இல் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் விடுதியில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் குழுவோடு ஸ்காட் பாடிய "எம்ப்ரேசபிள் யூ" பின்னாளில் தட்டாக வந்தபோது, பாடியவர் சப்பி நியூசம் என்ற பாடகி என்றே அச்சிட்டிருந்தார்கள். அதை வாங்கிய நான், அந்தப் பாடகியின் மற்றப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டு, எதிலும் அந்தக் குரல் இல்லையே என்று பல ஆண்டுகள் குழம்பியிருக்கிறேன். ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் குழுவில் ஸ்காட் பாடி வெற்றி பெற்ற தட்டிலும் அவர் பெயர் இல்லை.

*

கவனிக்கப்படாத பாடல் என்று இதைச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கடையிலேயே இல்லாத தட்டை யார் கவனிப்பது? இந்தப் பாடல் இடம்பெற்ற "ஃபாலிங் இன் லவ் இஸ் வொண்டர்ஃபுல்" என்ற தொகுப்பை 1962இல் பாடகர் ரே சார்ல்ஸ் தம் சொந்த இசைத்தட்டு நிறுவனமான டேஞ்சரின் வழியாக வெளியிட்டார். பியானோ வாசித்தவரும் அவரே. ஸ்காட்டின் ஒப்பந்தம் தங்களிடம்தான் இருக்கிறது என்று சவாய் என்ற இசைத்தட்டு நிறுவனம் உரிமை கொண்டாடியதால், வெளிவந்த வேகத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டு, மறுபடி முறையாக வெளிவர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அவர் தம் ஊரான கிளீவ்லேண்டுக்குத் திரும்பி, மருத்துவமனை உதவியாளராகவும் ஓட்டல் ஊழியராகவும் வேலை பார்த்தார்.

நான் அவரை முதலில் கண்டது "ட்வின் பீக்ஸ்" தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவக் கடைசி அத்தியாயத்தில், சிவப்புத் திரைகளுக்கு நடுவே நின்று பாடும் முதியவராக. அது ஒளிபரப்பான 1991இலேயே பாடலாசிரியர் டாக் போமஸின் இறுதிச் சடங்கில் அவர் பாடியதைக் கேட்ட இசைத்தட்டு நிறுவனத் தலைவர் சீமோர் ஸ்டைன் அவரை ஒப்பந்தம் செய்தார் என்பதையும், அதனால்தான் 1992இல் "ஆல் தி வே" என்ற தொகுப்பு வந்தது என்பதையும் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து பின்னோக்கிப் போய்த்தான் இந்தப் பாடலை அடைந்தேன்.

*

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. 1962ஆம் ஆண்டுத் தொகுப்பின் வயலின்கள் சர்க்கரை கூடிப்போன பாயசம் போல இருக்கின்றன. கென்னி பாரனின் பியானோவும் ரான் கார்ட்டரின் பாஸும் துணைநிற்கும் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் குரல் தேய்ந்திருந்தாலும், எனக்கு அதுவே நெருக்கமாக இருக்கிறது.

*

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். வயலின்களைப் பற்றிய குறையைப் படித்ததும், நேற்றிரவு அவற்றை மட்டும் கவனித்துக் கேட்டேன். இனிப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அவை காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், பிசகாமல் தம் வழியே போய்க்கொண்டிருப்பதால்தான் அவர் எவ்வளவு பின்தங்கி வருகிறார் என்பதை அளக்க முடிகிறது. அளந்துகொண்டே வந்தேன். மூன்றாவது வரியில் கை மறுபடியும் பிசகிவிட்டது.